எம்சிபி விறைப்பாக நின்றது

இன்று காலை கிரைண்டர் ஓடும்போது சமையலறை பிளக் பாயிண்ட்டில் பொறி பறந்தது. கருகும் வாசனையை முதலில் பிடித்தது என் மனைவியின் மூக்கு. தீப்பிடிக்காமல் காக்கும் என்று போன மாதம் நான் மாட்டிய எம்சிபி என்னும் தானியங்கி ஸ்விட்ச், கரண்டைத் துண்டித்து டிரிப் ஆகாமல் விறைப்பாக நின்றது.

அதைக் கழற்றிக்கொண்டு சிங்காநல்லூர் எலக்ட்ரிக்கல் கடைக்குப் போனேன்.

"ஏனுங்க, பொறி பறந்தும் இது டிரிப் ஆகலீங்களே?"

"லோடு ஏறுனா, ஷார்ட் ஆனாத்தானுங்க ஆவும்" என்றார் கடைக்காரர். "லூஸ் காண்டாக்ட் பொறியெல்லாம் இதுக்குத் தெரியாதுங்க."

"அமெரிக்காவுல பொறியவே கண்டுபிடிக்கற பிரேக்கர் வந்திருக்குதாமுங்களே?"

"வரட்டுங்க. நம்ம மிக்ஸி மோட்டாருக்குள்ளயே பொறி பறக்குதுங்க. சட்னி அரைக்கறப்பெல்லாம் அது கரண்ட நிறுத்துனா, ஊட்டுல அம்மணி அந்தப் பிரேக்கரைக் கழட்டி ரோட்டுல வீசிப்போடுவாங்க. ஆமா, பிளக்கு நல்லா இறுக்கமா இருந்துச்சுங்களா?"

பிளக்கே கிடையாது. இரண்டு ஒயரையும் ஓட்டைக்குள் விட்டு, ஆடாமல் இருக்கத் தீக்குச்சி செருகியிருந்தேன். தீயைத் தடுக்க எம்சிபி மாட்டிய அதே கையால்.

மின்னஞ்சல் குழு நண்பர்களே, உங்கள் வீட்டில் யாருடைய மூக்கு டியூட்டியில் இருக்கிறது?