டபுள் கிளிக் பண்ணணும், ஓடணும்

இரவில் கம்ப்யூட்டர் கேம் செய்து பகலில் தூங்குகிறவனை ஆலங்குடியில் யாரும் உழைப்பாளி என்று ஒத்துக்கொள்வதில்லை. அதை லினக்ஸில் வேறு செய்தால் என்ன பாடு என்று, என்னைப் போல மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

காணாமல் போன பட்டன்

என் பழைய லேப்டாப்பில் புது விண்டோஸ் ஏறவில்லை. விண்டோஸுக்குப் பதிலாக, காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸ் ஏறியது. எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. நெட்டைப் பார்த்துப் பார்த்து, நாற்பத்தாறு வயதில் மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொண்டேன். ஒரு வாரம் முழுக்கக் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. என் மனைவி செல்வி பின்னால் நின்று பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“ஏங்க, ஸ்டார்ட் பட்டனையே காணோம்? இதை எங்கிட்டு ஆரம்பிச்சு எங்கிட்டு முடிப்பீங்க?”

கோயம்புத்தூர் போன்

அங்கே ஒரு கேம் கம்பெனி, மாதிரிக்கு ஒரு சின்ன கேம் செய்து அனுப்பச் சொன்னது. கடலில் ஒரு மீன்பிடிப் படகு போய்வர வேண்டும், அவ்வளவுதான். பிடித்திருந்தால் ஒரு வருட வேலை. ஏற்கெனவே இரண்டு கம்பெனிகள் என் மாதிரிக்குப் பதிலே போடவில்லை. இதுவும் போனால் மச்சினனின் சிமென்ட் கடையில் போய் நிற்பதாகச் செல்வியிடம் சொல்லியிருந்தேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் உறுத்தியது.

பழைய லேப்டாப், அதிலும் லினக்ஸில் செய்கிறேன் என்றதும், கம்பெனியில் இதைக் கவனிக்கும் காவ்யா சிரித்தாள். என் வயதில் பாதி இருப்பாள்.

“நீங்க எதுல வேணா செய்ங்க சார். எங்க ஆளுங்க விண்டோஸ்ல டபுள் கிளிக் பண்ணணும், ஓடணும்.”

கதிரேசன் கடை

லினக்ஸிலிருந்தே விண்டோஸுக்கான ஃபைலை எடுத்துவிடலாம். ஓடுகிறதா என்று பார்க்கத்தான் வீட்டில் விண்டோஸ் கிடையாது. வியாழக்கிழமை, நான் தூங்க வேண்டிய நேரத்தில், பென் டிரைவோடு கதிரேசனின் பிரவுசிங் சென்டரில் நின்றேன். மறுநாள் அனுப்பியாக வேண்டும். பட்டாவுக்கும் ஆதாருக்கும் வந்தவர்கள் வரிசையில் இருந்தார்கள். பென் டிரைவைச் செருகியதும் ஆன்டி வைரஸ் என் கேமை அழித்துவிட்டது. கதிரேசன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

“அண்ணே, ஒங்க கேம் உள்ள வந்ததுமே மெஷினு சாமியாடுது. யாருக்கு வச்ச சூனியம்ணே இது?”

படகு பறந்தது

கெஞ்சிக் கூத்தாடி மறுபடி போட்டோம். ஓடியது. ஆனால் படகு கண்ணிமைப்பதற்குள் கடலைக் கடந்து திரைக்கு வெளியே போய்விட்டது. தானாகக் கற்றவன் செய்கிற தப்பு: திரையில் மாறி மாறி வரும் ஒவ்வொரு படத்துக்கும் படகு இத்தனை தூரம் நகரட்டும் என்று எழுதியிருந்தேன். என் லேப்டாப் வினாடிக்கு இருபது படம்தான் காட்டும். கதிரேசனின் மெஷின் அதைப்போலப் பல மடங்கு. நேரக் கணக்கில் எழுதியிருக்க வேண்டும். வரிசையில் நின்ற கட்டுமாவடி மீன்கார அக்கா எட்டிப் பார்த்தார்.

“ஏந்தம்பி, இம்புட்டு வேகத்துல போனா மீனுக்கு எப்பய்யா வலை போடுவீங்க?”

வெள்ளிக்கிழமை

விடிவதற்குள் திருத்தினேன். காலையில் கதிரேசன் கடையிலேயே ஓட்டிப் பார்த்து அனுப்பினேன். நான்கு நாள் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தும் தூக்கமில்லை. ஐந்தாம் நாள் காவ்யா கூப்பிட்டாள். வந்த மாதிரிகளை எல்லாம் ஆபீஸிலேயே மோசமான கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தார்களாம்.

“எங்க கஸ்டமருங்க வச்சிருக்கறது எல்லாம் ஓட்ட சிஸ்டம் சார். அதுல திக்காம ஓடுனது உங்களுது மட்டுந்தான். வேலை உங்களுக்குத்தான், தயவுசெஞ்சு அந்த லேப்டாப்பை மட்டும் மாத்திராதீங்க.”

இத்தனை வருடம் கழித்து ஒரு கம்பெனி தகுதி பார்த்து வேலை கொடுத்திருக்கிறது, அது என் தகுதியா லேப்டாப்பின் தகுதியா என்று நானும் கேட்கவில்லை, செல்வியும் கேட்கவில்லை.