அப்பா வைத்த வெடி

வெடி மருந்துப் புகைக்கு ஒரு மணம் உண்டு... அணைந்த தீக்குச்சி மாதிரி, கொஞ்சம் துருவும் கலந்து. மன்னார்க் கடல் காற்று அதை மைதானம் முழுக்க இழுத்துக்கொண்டு போகும். எனக்கு அந்த மணம்தான் அப்பா.

அப்பா பள்ளிக்கூடத்தில் பீ.ரி. மாஸ்டர், விளையாட்டு வாத்தியார். இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டி வந்தால், ஓட்டத்தைத் தொடக்கிவிடும் ஸ்டார்ட்டர் அவர்தான். வெள்ளைக் காற்சட்டையும் தொப்பியும் போட்டு, ஒரு கதிரையில் ஏறி நிற்பார். கையில் பள்ளிக்கூடத்துச் சின்ன ரிவோல்வர். குண்டு போகாது, சத்தம் மட்டும்தான்.

"ஒன் யுவர் மார்க்... செற்..."

அதற்குப் பிறகு ஒரு இடைவெளி. ஐயோ, அந்த இடைவெளி!

கோட்டில் கை ஊன்றி, இடுப்பைத் தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். மற்றப் பள்ளிக்கூட மாஸ்டர்மார் உடனே வெடி வைத்துவிடுவார்கள். அப்பா வைக்க மாட்டார். கடைசிப் பிள்ளையின் கால் நடுக்கம் நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறை பொறுக்க முடியாமல் நான் முதலே பாய்ந்துவிட்டேன்.

"மாஸ்டரின்ர பிள்ளையெண்டாலும் வெளியிலதான். போ, போய் நிழலுக்க இரு."

அன்றைக்கு முழுக்க அவரோடு நான் கதைக்கவில்லை.

எங்கள் ஊரில் சுடுவதை 'வெடி வைக்கிறது' என்றுதான் சொல்வோம். கல்யாணமான புதிதில் இதைச் சொன்னபோது, திருச்சிக்காரரான என் கணவர் கண்ணை விரித்தார்.

"உங்கப்பா வெடி வச்சாரா? எந்தக் கட்டடத்துக்கு?"

அவர் ஊரில் அதற்கு அர்த்தம் குண்டு வைப்பது. பகிடிக்குத்தான் கேட்டார், பாவம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஒரு சொல்தான் எங்கள் வீட்டைத் தின்றது.

சண்டைக் காலத்தில் அப்பா தனியே சிட்னிக்கு வந்தவர். அம்மாவும் நானும் மன்னாரில். இங்கே அகதி விசாரணையில், ஊரில் என்ன செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அப்பா பெருமையாகச் சொன்னாராம்:

"பள்ளிக்கூடத்தில படிப்பிச்சனான். ஸ்போர்ட்ஸ் மீட்டில வெடி வைக்கிறதும் நான்தான்."

மொழிபெயர்த்தவர் தமிழ்நாட்டுக்காரர். கெட்ட மனிதரில்லை. தனக்குத் தெரிந்த தமிழை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். 'எக்ஸ்புளோசிவ்ஸ்' என்பது அப்பாவின் காதிலும் விழுந்தது. ஸ்டார்ட்டர் துப்பாக்கியின் மருந்தைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து, "யெஸ், யெஸ்" என்று தலையாட்டிவிட்டார். குண்டு வைத்தவர் என்று எழுதிக்கொண்டார்கள்.

அந்தத் தலையாட்டலைத் திருத்த வருடக்கணக்காகிவிட்டது. லோயர், அப்பீல், மறுபடி விசாரணை...

போனில் அம்மா கேட்பார். "இன்னும் எவ்வளவு நாள், இஞ்சாருங்கோ?"

"கொஞ்சம் பொறுமப்பா. இந்தா வந்திடும்."

எல்லாம் சரிவந்தபோது அம்மா இல்லை. நெஞ்சு நோகுது என்று படுத்தவர் எழும்பவில்லை. நான் மட்டும் பிளேன் ஏறினேன். அதன்பிறகு 'வெடி' என்ற சொல்லை அப்பா வாயில் எடுத்ததே இல்லை.

இந்த வருடத் தொடக்கத்தில் அப்பாவும் போய்விட்டார். எங்கள் ஹோம்புஷ் பிளாட்டில் அவருடைய அறையை ஒதுக்கும்போது, அவர் கட்டும் சாரங்களுக்குக் கீழே ஒரு பிஸ்கட் டின். உள்ளே, துவாயில் சுற்றி... ஒரு ரிவோல்வர்.

அப்போ விசாரணையில் அவர்கள் எழுதியதுதான் சரியோ? அப்பா எங்களுக்குச் சொன்னதுதான் பொய்யோ? அப்படி நினைத்ததற்கு என்மேலேயே கோபம் வந்தது. ஆனாலும் நினைப்புப் போகவில்லை.

"தொடாத. போலீஸுக்கு போன் பண்றேன்," என்றார் கணவர்.

போலீஸ் சொன்னபடி, லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடை ஒன்றில் ஒப்படைத்தோம். வெள்ளைக்காரக் கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, குழலுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"இட்ஸ் ஒன்லி எ ஸ்டார்ட்டர், லவ்."

ஓட்டம் தொடக்கும் துப்பாக்கிதானாம்; செய்யும்போதே குழலை இரும்பால் அடைத்துவிடுவார்களாம். குண்டு போக வழியே இல்லை. மலிவுச் சாமான். பிடியின் அடியில் ஊசியால் கீறிய எழுத்தைக் காட்டினார். எங்கள் பிளாட்டுக்குப் பக்கத்து ஓவல் மைதானத்தில், சனிக்கிழமைகளில் பிள்ளைகளை ஓடவிடும் கிளப்பின் பெயர்.

இருந்த இடத்திலேயே அழுதுவிட்டேன்.

ஒவ்வொரு சனியும் அப்பா அந்த ஓவல் வேலியில் போய்ச் சாய்ந்து நிற்பார். அங்கே ஸ்டார்ட்டராக இருந்த கிழவரோடு தேத்தண்ணி குடிப்பார். கிளப் துப்பாக்கியை விட்டு எலெக்ட்ரானிக்குக்கு மாறியபோது, பழுதாய்ப்போன இதை அவர்தான் அப்பாவுக்குக் கொடுத்திருக்க வேண்டும். அப்பா அதை என்னிடம்கூடக் காட்டவில்லை. காட்டினால், என்னவென்று கேட்பேனே. அந்தச் சொல்லை மறுபடி சொல்ல வேண்டி வருமே.

ஸ்பிரிங் முறிந்து, சுழலும் உருளை இறுகிப்போயிருந்தது. திருத்துகிற அளவுக்கு இது பெறுமதியில்லை என்றார் கடைக்காரர். பரவாயில்லை, திருத்துங்கள் என்றேன். லைசென்ஸ் இல்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அதுவும் பரவாயில்லை. அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டால் போதும்.

இப்போது என் மகளின் பள்ளிக்கூட ஓட்டப் போட்டியில் ஒரு பெட்டிதான் 'பீப்' என்கிறது... மைக்ரோவேவில் சோறு சூடான மாதிரி. புகையில்லை, மணமில்லை, கதிரையில் ஏறி நிற்க ஒருவருமில்லை. "இட்ஸ் ஃபேரர், அம்மா," என்கிறாள். நியாயமாக இருக்கலாம்.

போன கிழமை கடைக்காரர் கூப்பிட்டார். வேறொரு பழசிலிருந்து ஸ்பிரிங் கழற்றிப் போட்டிருந்தார். பின்பக்கத்துச் சுடும் அறையில் காதுமூடி தந்தார். 'செற்' என்று சொல்லிவிட்டுச் சுடச் சொன்னேன்.

"செற்," என்றார். என் குதிகால் தானாக உயர்ந்தது. மூச்சைப் பிடித்தேன்.

அவர் உடனே சுட்டுவிட்டார். புகை வந்தது. அதே மணம்.

அப்பா இவ்வளவு கெதியாக வைக்க மாட்டார் என்று அந்த மனிதருக்கு எப்படிச் சொல்வது?

மன்னாரில் அம்மாவும் கோட்டில் கை ஊன்றியபடியேதான் நின்றார், அப்பா பொறுக்கச் சொன்னார் என்று... வெடி மட்டும் கேட்கவேயில்லை.