பஞ்சுக்கு மேல் பலகை

செல்லக்கனியின் வீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே ஒரு மச்சு உண்டு. கோடையில் வீடு அடுப்பாகக் கொதிக்கிறதென்று அவள் கணவர் தனுஷ்கோடி, தான் வேலை பார்த்த மில்லிலிருந்து கழிவுப் பஞ்சை மூட்டை மூட்டையாக வாங்கிவந்து மச்சு முழுக்கப் பரப்பியிருந்தார். அதற்குப் பிறகு ராஜபாளையத்து வெயில் அந்த வீட்டுக்குள் இறங்கவில்லை.

எண்பத்தெட்டில் மில்லை மூடினார்கள். வேலை போனாலும் முதல் ஷிப்டு நேரத்துக்குத் தனுஷ்கோடிக்கு விழிப்பு வந்துவிடும். காப்பியைக் குடித்துவிட்டு ஏணி வைத்து மச்சுக்கு ஏறிப் பஞ்சில் படுத்துக்கொள்வார். "அந்த வாடை இருந்தாத்தான் மூச்சு சீரா வருது" என்பார். வெயில் ஏறுமுன் இறங்கிவிடுவார். ஒரு மார்கழிக் காலையில் இறங்கவில்லை. செல்லக்கனி ஏறிப் பார்த்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

அதன்பின் அவள் மச்சை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. பேண்டேஜ் துணியை வாங்கிவந்து வீட்டில் சுருட்டிக் கொடுத்துப் பிழைத்தாள். ஆனால் ஐப்பசி அடைமழையில், தரையில் அடுக்கிய கட்டுகள் ஓதம் ஏறிப் பூசணம் பிடித்தன. இன்னொரு தடவை இப்படியானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக, துணி கொடுக்கும் வியாபாரி சொல்லிவிட்டார். வேறு வழியில்லை. கட்டுகளை மச்சில் அடுக்கப் பலகை போட, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து தச்சர் சங்கையாவை வரச் சொன்னாள்.

மச்சுக்கு ஏறியவர் நெடுநேரம் கழித்தே இறங்கினார்.

"பஞ்சு மேல பாரம் ஏத்துனா அமுங்கிப் போகும், பொறவு வெக்கையைத் தடுக்காது. உத்திரத்து மேல கட்டைக் கால் நிறுத்தி, அதுக்கும் மேல பலகை அடிச்சுத் தாரேன். பஞ்சு அது பாட்டுக்கு அடியில கெடக்கும்." கொஞ்சம் தயங்கினார். "நடுவுல ஆள் படுத்த தடம் இருக்கு தாயி. இப்பத்தான் எந்திரிச்சுப் போன மாதிரி. தட்டிச் சமப்படுத்திரட்டா?"

"வேண்டாம்ணே. தொடாதிய."

மறுநாள் பாதி வேலையில் மேலேயிருந்து தலையை நீட்டினார். "தடத்துல தலை இருந்த எடத்துக்கு ஒரு கட்டைக் கால் வருது. தள்ளி நிறுத்துனா பலகை தொய்யும். நீங்களே வந்து பாத்துச் சொல்லுங்க."

செல்லக்கனி ஏறினாள். பஞ்சில் தோளின் அகலம் தெரிந்தது. மடக்கிய முழங்கால் தெரிந்தது. தலை அழுந்திய குழியில் கையை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. கூரைச் சூடுதான் என்று தெரியும். சற்றுத் தள்ளிக் கிடந்த பஞ்சையும் தொட்டுப் பார்த்தாள். அதுவும் அப்படித்தான் இருந்தது. ஆனாலும் குழிக்குள் வைத்த கையை எடுக்க மனம் வரவில்லை.

"தொய்ஞ்சாத் தொய்யட்டும்ணே. அந்த எடத்துல நான் பாரம் வைக்க மாட்டேன்."

கட்டுகள் மேலே ஏறின. அடுத்த மழைக்கு ஒன்றுகூட நனையவில்லை. ஆனால் விடியலில், முதல் ஷிப்டு நேரத்துக்கு, பலகை முனகத் தொடங்கியது. யாரோ புரண்டு படுப்பதுபோல் ஒரு சத்தம், சிறிது ஓய்ந்து இன்னொன்று. முதலில் சேலையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டாள். போகப் போக, அந்த நேரத்துக்கு எழுந்து காப்பி போட்டு மச்சுக்கு நேர் கீழே உட்காரப் பழகிவிட்டாள்.

பங்குனி வெயிலில் சத்தம் நின்றுபோனது. சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, பஸ் ஏறி சங்கையா வீட்டுக்குப் போய், பலகைச் சத்தத்தைப் பற்றிப் பேச்செடுத்தாள்.

"பலகை முனகுதா? ஈர மரம் தாயி. காஞ்சாச் சரியாயிரும்" என்றார் அவர்.

"சரியாயிருச்சுண்ணே. மறுபடி சத்தம் வர வழி இருக்கான்னு கேக்கத்தான் வந்தேன்."

சங்கையா அவள் முகத்தைப் பார்த்தார். தண்ணீர் கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.

தொண்ணூற்று மூன்றில், அக்கா தனியாகக் கிடக்க வேண்டாமென்று தம்பி மாரிச்சாமி அவளைச் சோழபுரத்துக்குக் கூட்டிப்போனான். ஒரு வாரம்கூடத் தங்கவில்லை, திரும்பிவிட்டாள். கோபத்தோடு தேடிவந்தவனுக்குக் காப்பி கொடுத்தாள்.

"ஏலே, அவிய இங்க இருக்கையில நான் எப்படி அங்க வந்து இருக்க?"

மாரிச்சாமி மச்சுப் பக்கம் ஒருமுறை பார்த்தான். அதற்கப்புறம் அவளைக் கூப்பிட்டதில்லை.