தண்ணீர் வேண்டாம் என்றவன்

என் மனைவியின் சிறுநீரகங்கள் கெட்டதற்கு நானே காரணம். இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

குடும்பங்களை அழைப்பதற்கான அனுமதியை டேனிஷ் அரசு இழுத்தடித்த காலம் முழுவதும் இங்கே விபோர்க் நகரில் தனியே காத்திருந்தேன். மகளுடன் அவள் வந்து சேர்ந்தபோது இரத்த அழுத்தம் முற்றியிருந்தது. சிறுநீரகமும் சற்று நலிந்திருந்தது. நரம்பில் மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றார்கள்.

"அப்பா, டொக்டரிட்ட நானும் வாறன்," என்றாள் மகள். வந்த சில மாதங்களிலேயே டேனிஷ் மொழியைப் பிடித்துக்கொண்டவள்.

"ஏன், எனக்கு டேனிஷ் தெரியாதெண்டோ? நீ பள்ளிக்கூடம் போ!"

மருத்துவர் நிதானமாகத்தான் சொன்னார். எக்ஸ்ரே அன்று காலை 'வான்டிரீவன' வேண்டாம். 'வான்' என்றால் தண்ணீர். அதுதான் என் காதில் விழுந்தது. மேலும் ஏதோ சொன்னார்... 'யா, யா' என்று தலையாட்டினேன். திருப்பிக் கேட்க வெட்கம்! ஊரில் கணித ஆசிரியராக இருந்தவன் அல்லவா?

எக்ஸ்ரே நாளன்று காலை, இரத்த அழுத்தத்துக்கான வழக்கமான குளிசைகளை எடுத்துக் கொடுத்தேன்.

"இஞ்சேருங்கோ, ஒரு மிடறு தண்ணி தாங்கோவன். தொண்டையில நிக்குது."

"டொக்டர் தண்ணி வேண்டாமெண்டவர். விழுங்கு!"

விழுங்கினாள்.

எக்ஸ்ரே எடுத்த சில நாட்களில் கால்கள் வீங்கின, சிறுநீர் நின்றது. சொன்னபடி செய்தீர்களா என்று மருத்துவர் கேட்டார். மறுபடியும் 'யா'.

பிறகொருநாள் மகள் குளிசைப் பெட்டியைத் தற்செயலாக வாசித்தாள். "வான்டிரீவன எண்டால் சலம் போக்கிற குளிசை, அப்பா."

நிறுத்தச் சொன்னது சிறுநீரைப் போக்கும் அந்தக் குளிசையை! தண்ணீரை அல்ல... இரண்டு வழியிலும் நீர் வற்றிய உடம்பில்தான் அந்த எக்ஸ்ரே மருந்து ஏறியது.

எப்படியும் கெட்டிருக்கக்கூடிய சிறுநீரகங்களா? இருக்கலாம். மருத்துவரிடம் உண்மையைச் சொல்லிக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

குடும்ப அனுமதியைச் சட்டத்துக்கு மாறாக இழுத்தடித்ததாக அமைச்சர் மீது எழுந்த வழக்குத்தான் அப்போது எங்கும் பேச்சு. பார்க்க வந்த நண்பன் கொதித்தான். "விசாவை இழுத்தடிச்சவங்கள்தான் அக்காவின்ர கிட்னியைத் திண்டவங்கள், அண்ணை!"

"ஓம்," என்றேன். எவ்வளவு வசதியான 'ஓம்'!

அவளோ வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள்: "இவர் பாவம். டொக்டர் சொன்னதை அப்பிடியே செய்தவர்."

இப்போது அவளது இரத்தத்தை இயந்திரம்தான் சுத்திகரிக்கிறது. குடிக்கும் தண்ணீருக்கும் அளவு உண்டு. நேற்று அந்த அளவு முடிந்த பிறகு என் கையைப் பிடித்தாள்.

"இஞ்சேருங்கோ, ஒரு மிடறு..."

இம்முறை மருத்துவர் சொன்னதை நான் சரியாகவே விளங்கியிருக்கிறேன். கோப்பையை அவளுக்கு எட்டாத இடத்தில் வைத்தேன்.