லொரெய்னின் பலகை

வினிபெக்கில் ஒரு பல்கலைக்கழகத்தின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், லொரெய்ன் பெட்ரிஷின் பத்தொன்பது வருடமாக ஒரே மைக்ராஸ்கோப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஒளிரும் சாயம் ஏற்றிய செல்களை இருட்டில் படம் எடுக்கும் கருவி அது. செல் பளிச்சென்று இருக்க வேண்டும், சுற்றிலும் கரியாக இருக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். அதுகூட இங்கே செல் கொண்டுவரும் ஆராய்ச்சியாளர்களுக்கு முடியவில்லை.

செல் வளர்த்த சிவப்புத் திரவத்தோடு அப்படியே கொண்டுவந்து நிற்பார்கள். அந்தத் திரவமும் சேர்ந்து ஒளிர்ந்து படத்தைக் கெடுக்கும். கழுவிவிட்டு வாருங்கள், நிறமில்லாத திரவத்தில் வையுங்கள் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். ஆத்திரத்தில் கதவருகே ஒரு பலகை மாட்டினாள். மூட்டமாக வந்த படம், செல் கொண்டுவந்தவரின் பெயரோடு அதில் ஏறும். கீழே சிவப்பு மையில், 'மைக்ராஸ்கோப்பைக் குறை சொல்லாதே, உன் கையைப் பார்' என்று எழுதுவாள்.

இந்த வசந்தத்தில் பலகை நிரம்பி வழிந்தது. துறைத் தலைவர் வந்து பார்த்தார்.

"எல்லாருமா தப்பு பண்ணுவாங்க? மெஷினுக்கு வயசாயிடுச்சு லொரெய்ன். புதன்கிழமைக்குள்ள ஒரு சுத்தமான படம் காட்டுங்க. இல்லேன்னா கழட்டி அனுப்பிடலாம்."

 யாரோ கழுவாத செல்லுக்கு இந்த மைக்ராஸ்கோப் பலியா என்று பொருமினாள்.

புதன் காலை ஆராய்ச்சியாளன் டாரில் ஃப்ரீசன் வந்தான். பலகையில் ஏற்கெனவே மூன்று முறை ஏறியவன்.

"மூணு தடவ கழுவினேன். ஒரு பொட்டு சிவப்பு இல்ல. போதுமா?"

"எல்லாரும் இதத்தான் சொல்றீங்க."

அறை விளக்கை அணைத்துப் படம் எடுத்தாள். அதே மூட்டம்.

"நீ கழுவின லட்சணம் இதுதானா?"

"மைக்ராஸ்கோப் விளக்க மூடிட்டு ஒண்ணு எடுங்க. அப்பவும் மூட்டம் இருந்தா என் செல்லு மேல பழி போடாதீங்க."

"அந்த விளக்கு பட்டாதான் சாயமே ஒளிரும். மூடினா கருப்புதான்பா தெரியும்."

வீம்புக்குத்தான் எடுத்தாள். கருப்பு தெரியவில்லை. செல் இருந்த தட்டையே வெளியே எடுத்துவிட்டுப் பார்த்தாள். அப்போதும் சாம்பல் மூட்டம். அப்படியானால் வெளிச்சம் அறைக்குள்ளிருந்தே வருகிறது. கணினித் திரையைத் துணி போட்டு மூடினாள். அப்படியும் போகவில்லை.

"இது என்ன?" என்றான் டாரில்.

மேசை விளிம்பில், லென்சுக்கு ஒரு சாண் தள்ளி, இருட்டில் ஒளிரும் ஒட்டுப்பட்டை பச்சையாக மினுங்கியது. யாரும் இடுப்பை இடித்துக்கொள்ளக் கூடாதென்று லொரெய்னே ஒட்டியது. மார்ச் நான்காம் தேதி. தினமும் பார்க்கிற பொருள் என்பதால் யாருமே அதைப் பார்க்கவில்லை.

பட்டையை உரித்துக் கைக்குள் மூடிக்கொண்டு மறுபடி எடுத்தாள். கரிய இருட்டில் செல்கள் இழை இழையாகத் தெரிந்தன. துறைத் தலைவர் பார்த்துவிட்டு, "சரி, இருக்கட்டும்" என்று போனார்.

மைக்ராஸ்கோப் பிழைத்தது. லொரெய்னுக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மார்ச் நான்குக்குப் பிறகு ஏறிய இருபத்தாறு படங்களையும் பலகையிலிருந்து எடுத்தாள். பலகையில் பெயர் ஏறிய ஒருத்தி அழுதுகொண்டே போனது ஞாபகம் வந்தது. காலியான இடத்தில் பட்டையைக் குத்தி, தன் பெயரை எழுதினாள். அடுத்து சிவப்புப் பேனாவைத் தேடினாள்.

அது டாரில் கையில் இருந்தது.

"நகருங்க லொரெய்ன். கீழ்வரிய நான் எழுதறேன்."

அவள் நகர்ந்து நின்றாள்.