சாட்சிக்கு வந்த சண்டைக்காரி

மலேசியாவில் குடியுரிமை இல்லாதவர்கள் வைத்திருக்கும் சிவப்பு அடையாள அட்டையைப் பார்த்தால் யாரும் முதலில் கேட்பது, நீங்கள் எப்போது வந்தீர்கள் என்பதுதான். நான் எங்கிருந்தும் வரவில்லை. சுங்காய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், மூன்றாவது வீட்டில் பிறந்தேன். என் அப்பா என் பிறப்பைப் பதிவு செய்யவில்லை, அவ்வளவுதான். நாலாவது வீட்டில் அதே மாதம் பிறந்தவளுக்கு அவளுடைய அப்பா நடந்து போய்ப் பதிவு செய்துவிட்டு வந்தார். அவளுக்குப் பிரஜைக்கான நீல அட்டை, ஓட்டு, எல்லாம். எனக்குச் சிவப்பு. இதை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த நாலாவது வீட்டுக்காரியும் நானும் வளர்ந்து, பக்கத்துப் பக்கத்து மர நிரையில் பால் வெட்டினோம். அவள் ஆளுங்கட்சி, தோட்டத்துக் கிளையில் மகளிர் பகுதித் தலைவி. நான் எதிர்க்கட்சி. மரத்துக்கு மரம் நகரும்போது இரண்டு பேருக்கும் வாய் ஓயாது. உள்ளே இருந்து கேட்டால்தான் எதுவும் கிடைக்கும் என்பாள். லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் வந்ததே தன் கட்சியால்தான் என்பாள். தேர்தல் மாதத்தில் மட்டும்தான் அதில் தண்ணீர் வருகிறது, மற்ற மாதங்களில் காற்று வருகிறது, அதையும் உன் தலைவர்தான் ஊதுகிறாரா என்று நான் கேட்பேன். சத்தம் தாங்காமல், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அவளை வேறு பக்கம் மாற்றிப் பார்த்தார். இரண்டே நாளில் அவரிடம் சண்டை போட்டுத் திரும்பி வந்துவிட்டாள். அங்கே தனக்கு ஈடு கொடுத்துப் பேச ஆள் இல்லையாம்.

எழுபதுகளின் நடுவில் ஒரு பொதுத்தேர்தல் வந்தது. எங்கள் வேட்பாளருக்காக மரவள்ளி மாவில் பசை காய்ச்சினேன், சுவரொட்டி ஒட்டினேன், வேலை முடிந்த கையோடு பக்கத்துத் தோட்டங்களையும் சுற்றி வந்தேன். உங்களைப் போல நாலு பேர் இருந்தால் போதும் அக்கா என்று ஈப்போவிலிருந்து வந்த கட்சிக்காரர்கள் சொன்னார்கள். ஓட்டுப் போடும் நாளன்று நான் தோட்டப் பள்ளிக்கூடத்து வேலிக்கு வெளியே நின்றேன். நேற்று வரை வேட்பாளர் பெயர்கூடத் தெரியாத ஆண்களெல்லாம் எண்ணெய் தடவித் தலைசீவிக்கொண்டு உள்ளே போனார்கள். எனக்கு ஒவ்வொருவனையும் சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும் போல இருந்தது.

அவளும் கட்சிச் சேலை கட்டிக்கொண்டு போனாள். வெளியே வந்ததும் என்னை வேலியோரமாகத் தள்ளிக்கொண்டு போய்க் காதோடு சொன்னாள்.

"ரெண்டு சீட்டு குடுத்தானுங்க. பார்லிமெண்டு என் கட்சிக்கு. ஸ்டேட்டு ஒனக்காகப் போட்டுட்டேன் லா. காலையிலேர்ந்து நிக்கிறியே, பாக்க முடியல."

வேறு யாராவது இருந்தால் அவளைக் கட்டிப்பிடித்து அழுதிருப்பார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் பிறந்த இடத்தில் எனக்குச் சேர வேண்டியதை இவள் தன் மடியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறாளா? யாருடி உன்னைக் கேட்டது, பிச்சை போடுகிறாயா என்று கேட்டுவிட்டு நடந்தேன்.

ஒரு வாரம் பேசவில்லை. மறுவாரம் காலைப் பிரட்டில், கிராணி பெயர் கூப்பிட எல்லோரும் கூடி நின்றபோது, தன் கட்சி ஜெயித்ததைப் பற்றி அவள் யாரிடமோ பெருமையடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு நாக்கு முந்திக்கொண்டது. உன் ஓட்டிலேயே பாதி எங்களுக்குத்தானடி விழுந்தது என்று எல்லோரும் கேட்கக் கத்திவிட்டேன்.

அவள் ஒரு தடவை என்னைப் பார்த்தாள். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆனால் அவளுடைய கிளைத் தலைவர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். அந்த மாதமே அவள் பதவி போயிற்று.

பிறகுதான் இன்னொன்றும் தெரிந்தது. என் குடியுரிமை மனு இரண்டு வருடமாக அலுவலகத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. அதைத் தட்டி எழுப்ப, தன் தலைவர்களிடம் ஒரு சிபாரிசுக் கடிதம் வாங்க அவள் நடையாய் நடந்திருக்கிறாள். எனக்குத் தெரிந்தால் கடிதத்தைக் கிழித்துப் போடுவேன் என்று சொல்லாமல் இருந்திருக்கிறாள். பதவியோடு அந்தக் கடிதமும் போயிற்று. என் வாயால் அவளையும் கெடுத்தேன், என்னையும் கெடுத்துக்கொண்டேன்.

அவள் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயைத் திறந்தால், அந்தக் கட்சியை விட்டுத் தொலையேண்டி என்றுதான் வந்தது.

"நான் ஏன் விடணும்? பதவிய எடுத்தானுங்க, கட்சிய எடுக்க முடியுமா? மன்னிப்புக் கேக்கத்தான வந்த. கேட்டுட்டுப் போ."

கேட்டேன். மறுநாள் நிரையில் பழையபடி சண்டை போட்டோம்.

எண்பதுகளில் தோட்டத்தில் ரப்பரை வெட்டி, அத்தனை ஆள் தேவைப்படாத செம்பனை போட்டார்கள். பிழைப்புக்காக இரண்டு குடும்பமும் கோப்பெங்கில் வாடகைக்கு வந்தோம். நான் ஈப்போவில் ஒரு தையல் தொழிற்சாலைக்குப் போய்வந்தேன். அப்போதுதான் பதிவு அலுவலகத்திலிருந்து என் மனுவுக்கு ஒருவழியாகக் கடிதம் வந்தது. என்னைச் சிறுவயதிலிருந்து அறிந்த ஒரு பிரஜை நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டும், உறவுக்காரர் கூடாது. என் கட்சிக்காரர்களிடம்தான் முதலில் போனேன். பழைய தோட்டத்து ஆள் ஒருவர் தைப்பிங்கில் கூட்டம் என்றார். இன்னொருவர், "தேர்தல் முடியட்டும் அக்கா, மொதல்ல ஓட்டு உள்ளவங்களப் பாக்கணும்" என்றார். பசை காய்ச்சிய சட்டியை அவர் தலையில் கவிழ்க்காமல் வந்தது என் பெருந்தன்மை.

அவள் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்தாள். போகும்போதே பேருந்தில் புது வேட்பாளரைப் பற்றிச் சண்டை. ஈப்போவில் இறங்கும்போது இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அலுவலகத்தில் இருந்த மலாய்க்காரப் பையன் முதலில் என்னிடம், இந்தியாவில் எந்த ஊர் என்று கேட்டான். சுங்காய் என்றேன். அவன் அவள் பக்கம் திரும்பி, "கவான்?" என்று கேட்டான். சிநேகிதியா என்று அர்த்தம்.

"லவான்," என்றாள் அவள்.

ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். எதிராளி என்று சொல்லிவிட்டாள். அவன் பேனாவைக் கீழே வைத்தான்.  அன்றைக்குப் பிரட்டில் நான் கத்தியதற்கு இத்தனை வருடம் காத்திருந்து பழி தீர்த்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

"டாரி கெச்சில், இஞ்சே. ஹாரி-ஹாரி லவான்," என்று தொடர்ந்தாள்.

சின்ன வயதிலிருந்து தினமும் சண்டை, ஐயா. இவள் இந்தியாவிலிருந்து நேற்று வந்தவள் என்றால் இத்தனை வருடமாக நான் யாரோடு சண்டை போட்டேன் என்று அரைகுறை மலாயில் அவனையே திருப்பிக் கேட்டாள். அவன் சிரித்தான். விண்ணப்பப் பாரத்தில் கவான் என்று எழுதினான். அவள் எட்டிப் பார்த்து, நான் சொன்னது அதுவல்ல என்றாள். பேசாமல் இருடி என்று அவள் கையைக் கிள்ளினேன்.

ஒரு வருடம் கழித்து எனக்கு நீல அட்டை வந்தது. சந்தோஷப்பட்டேனா என்றால், இல்லை. இங்கேதான் பிறந்தேன் என்று நான் எத்தனை தடவை சொல்லியும் அவர்கள் காதில் ஏறாத ஒன்று, அவள் ஒரு தடவை சொன்னதும் ஏறியது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

சாட்சி சொன்ன அன்று திரும்பும் பேருந்தில் அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஒன் கட்சிக்காரன் ஒருத்தனும் வரலியாடி?"

அவர்களிடம் நான் போய்க் கேட்டதை அவளிடம் சொல்லியிருக்கவில்லை. எப்படிக் கண்டுபிடித்தாள் என்று தெரியவில்லை.  கோப்பெங் வந்து சேரும்வரை அவளுடைய கட்சியைத் திட்டிக்கொண்டே வந்தேன்.