கிடாருக்கு இன்னும் ஒரு கோட்

எங்கள் வீட்டில் யாரும் எதையும் லேசில் நம்புவதில்லை. பால் பாக்கெட் வாங்கினால் அம்மா தேதியைப் பார்ப்பாள், அமுக்கிப் பார்ப்பாள், அதற்கும் பிறகு கடைக்காரர் முகத்தை ஒருமுறை பார்ப்பாள். ஆட்டோக்காரர் வழக்கமான ரோட்டை விட்டு ஒரு சந்துக்குள் திருப்பிவிட்டால் போச்சு, இறங்கும்வரை பையை மடியில் இறுக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாள். அந்த ரத்தம்தான் எனக்கும். அதனால் என் தாய்மாமா, கடை கிடார் எதற்கு, நானே உனக்கு ஒன்று செய்து தருகிறேன் என்று சொன்னபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இதில் என்னமோ இருக்கிறது என்றுதான் தோன்றியது.

அவர் அதைச் சொன்னது என் சடங்கின்போது. நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். சடங்கு என்றால் தாய்மாமன் சீர் வந்தாக வேண்டும், வராவிட்டால் சொந்தபந்தம் வாய்க்கு வந்தபடி பேசும். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் அம்மா தன் தம்பியை வாசலுக்குள் விட்டாள். இல்லாவிட்டால் விட்டிருக்கவே மாட்டாள்.

எங்கள் முடிச்சூருக்குள் வெள்ளம் வந்தபோது நாங்கள் மொட்டை மாடியில் தார்ப்பாய்க்கு அடியில் நனைந்துகொண்டிருந்தோம். மாமா வீடு பீர்க்கன்கரணை, கூப்பிடு தூரம். அவர் யாரிடமோ கெஞ்சிக் கூத்தாடி ஒரு படகைப் பிடித்துக்கொண்டு போனது உண்மைதான். போனது மாமனார் வீட்டுக்கு. போன் எதுவும் வேலை செய்யவில்லை, யார் எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று அவனுக்கு எப்படித் தெரியும் என்று அப்பா பலமுறை சொல்லிப் பார்த்தார். "பொண்டாட்டி வீட்டுக்கு வழி தெரிஞ்சுது, கூடப் பொறந்தவ வீட்டுக்கு வழி தெரியலையா?" என்று அம்மா கேட்பாள். அப்பா பேப்பரை எடுத்து விரித்துக்கொள்வார். அன்றிலிருந்து அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சு இல்லை. எங்கள் வீட்டில் மாமாவுக்குப் பேரே 'தண்ணி வந்த அன்னிக்கு வராதவன்' என்று ஆகிவிட்டது.

அப்படிப்பட்டவர் பட்டுப்பாவாடை, பழத்தட்டு, வளையல் எல்லாம் கொண்டுவந்து வைத்துவிட்டு, எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்து, "இன்னாம்மா, வேற இன்னா வேணும்? மாமாவைக் கேளு" என்றார். சபையில் கேட்டால் மறுக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். எலெக்ட்ரிக் கிடார் என்றேன். தாம்பரத்தில் நான் கிடார் கிளாஸ் போகும் தெருவுக்கு எதிரே ஒரு கடை. அதன் கண்ணாடிக்குள் சிவப்பாக ஒன்று தொங்கும். தலையில் கம்பெனி பேர் தங்க எழுத்தில் இருக்கும். கிளாஸ் முடிந்து வரும்போதெல்லாம் அதன் முன்னால் நின்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். கிறிஸ்துமஸ் கேரலுக்கு எங்கள் சர்ச்சில் கிடார் வாசிக்க என்னைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள், சொந்தக் கிடார் இருந்தால். கிளாஸில் இருப்பதை வெளியே தர மாட்டார்கள்.

வந்திருந்த பெரியம்மா ஒருத்தி, பொட்டப்புள்ளைக்கு எதுக்குடி இந்தக் கூத்து என்றாள். மாமா அவளைக் கவனிக்கவில்லை. சமையற்கட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கொஞ்சம் சத்தமாகவே, கடையில் வாங்குவது கம்பெனிக்காரன் செய்தது, அது தாய்மாமன் சீர் ஆகாது, தன் கையாலேயே கஸ்டமாகச் செய்து தருவதாகச் சொன்னார். கூட்டம் ஆஹா என்றது. எனக்கு அழுகை வந்தது.

மாமாவுக்குத் திருமுடிவாக்கம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பட்டறை. இரும்பில் ஒன்றை வார்ப்பதற்கு முன்னால் அதே உருவத்தை மரத்தில் கடைந்து கொடுப்பார்கள், அதைப் பேட்டர்ன் என்பார்கள். பம்புக்கும் வால்வுக்கும் பேட்டர்ன் போடுகிறவர் கிடாரைக் கண்டாரா? என் கிளாஸில் கூடப் படித்த பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். அவளிடம் கம்பெனி கிடார் இருந்தது. "பேரே இல்லாத கிடாரா? ஸ்டேஜ்ல ஏறுனா சிரிப்பாங்க. டூப்ளிகேட்னு நெனைப்பாங்க" என்றாள். எனக்கு இன்னொரு கவலையும் இருந்தது. கம்பெனி கிடாரில் ஏதாவது கோளாறு என்றால் மாற்றித் தருவார்கள், வாரண்டி உண்டு. மாமாவுக்கு ஏது வாரண்டி?

அடுத்த ஞாயிறே மாமா வந்துவிட்டார். பாக்கெட்டிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்து என் இடது கை விரல் ஒவ்வொன்றையும் அளந்தார். கம்பெனி கிடார் என்றால் ஊரில் இருக்கிற எல்லோர் கைக்கும் ஒரே அளவு, உனக்குச் சின்னக் கை, அதற்கேற்ற மாதிரி கழுத்தை ஒல்லியாகச் செய்ய வேண்டும் என்றார். ஒரே தடவையில் எல்லாவற்றையும் அளந்துகொண்டு போயிருக்கலாம். ஆனால் மறுவாரம் கட்டைவிரலை விட்டுவிட்டேன் என்று திரும்பவும் வந்தார். தாய்மாமனுக்கு மருமகள் கட்டைவிரல் மறந்துபோகுமா? அன்றே நான் மனதுக்குள் ஒரு கோடு போட்டு வைத்துவிட்டேன்.

அதற்கப்புறம் வாராவாரம் ஏதாவது ஒரு சாக்கு. ஒருவாரம் மரத்துண்டுகளைக் கொண்டுவந்து, எது பிடித்திருக்கிறது, தட்டிப் பார் என்றார். இன்னொரு வாரம் கழுத்தை மட்டும் கொண்டுவந்து பிடித்துப் பார்க்கச் சொன்னார். பிடித்தேன், சரியாக இருந்தது. "இல்ல மா, ஒரு நூல் இழைக்கணும் போல கீது" என்று அவராகவே எடுத்துக்கொண்டு போனார். பிறகு ஒரு பலகையில் விதவிதமான சிவப்பைப் பட்டை பட்டையாக அடித்துக் கொண்டுவந்தார். எல்லாம் எனக்கு ஒரே சிவப்பாகத்தான் தெரிந்தது.

இதில் என் பாடுதான் திண்டாட்டம். அம்மா அவரிடம் பேச மாட்டாள், ஆனால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள். சமையற்கட்டிலிருந்து, "உங்க மாமாவுக்குக் காப்பி வேணுமான்னு கேளு" என்பாள். ஆறடி தள்ளி உட்கார்ந்திருக்கும் மாமாவுக்கு அது நன்றாகவே கேட்டிருக்கும். ஆனாலும் நான் போய்க் கேட்கும்வரை வாயைத் திறக்க மாட்டார். கேட்டதும், "உங்கம்மாவுக்குச் சிரமம் இல்லைன்னா குடிக்கிறேன்னு சொல்லு" என்பார். நான் திரும்ப நடப்பேன். மரம் ஈரமா இருந்தா பின்னாடி வளைஞ்சுடாதான்னு கேளு. நல்லா காய்ஞ்ச மரம்தான்னு சொல்லு. அந்த மூணாவது சிவப்பு பரவாயில்லைன்னு சொல்லு. அப்படியே ஆகட்டும்னு சொல்லு. நடந்து நடந்து எனக்குக் கால் வலித்ததுதான் மிச்சம்.

ஆரம்பத்தில் அம்மா கொடுத்தது காலை டிகாக்‌ஷனில் போட்ட காப்பி. கொஞ்ச நாளில் புது டிகாக்‌ஷன் இறங்கியது. பிறகு கூடவே முறுக்கு. ஒரு ஞாயிறு சர்ச்சிலிருந்து வந்ததும் வராததுமாக உளுந்தை ஊறப்போட்டு வடை சுட்டாள். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அவருக்கு ஐஸ் வைக்கிறாள் என்று நான் நினைத்தேன். ஆனால் வடை சாப்பிடச் சாப்பிட மாமாவின் வேலை இன்னும் மெதுவாகத்தான் போயிற்று. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் அவருக்குப் புதிதாக ஒரு சாக்குக் கிடைத்துவிட்டது. பெயிண்ட் காய மாட்டேன் என்கிறது, இன்னும் ஒரு கோட் பாக்கி இருக்கிறது என்றார். அடுத்த வாரமும் ஒரு கோட் பாக்கி. அதற்கடுத்த வாரமும். கேரலுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மாமா நன்றாக டபாய்க்கிறார், எனக்கு அல்வா கொடுக்கப் போகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது.

ஒரு சனிக்கிழமை அப்பாவை நச்சரித்து, திருமுடிவாக்கம் வரை பைக்கில் அழைத்துப்போக வைத்தேன். மாமா பட்டறையில் இல்லை, சாப்பிடப் போயிருந்தார். மிஷின் ஓட்டிக்கொண்டிருந்த அக்கா என்னைப் பார்த்ததும், கிடார் பாப்பாவா என்று சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார். கேட்காமலேயே உள்ளே போய் மூலையில் துணி போர்த்தி மாட்டியிருந்ததை விலக்கிக் காட்டினார்.

சிவப்பு. கம்பியெல்லாம் கட்டி, குமிழெல்லாம் வைத்து, ஒரு குறையும் இல்லாமல் தொங்கியது. கடையில் பார்த்ததைவிட அழகாக இருந்தது என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனசில்லை. பெயிண்ட் எப்போது காய்ந்தது என்று கேட்டேன்.

"அது எப்பவோ ரெடி பாப்பா. ஆயுத பூஜைக்கு மிஷினுக்கெல்லாம் பொட்டு வெக்கிறப்போ, சார் இதுக்கும் வெக்கச் சொன்னாரு. தெனம் அவரே தொடச்சு வெச்சுகினு கீறாரு" என்றார் அக்கா.

திருப்பிப் பார்த்தேன். தலைக்குப் பின்னால் ஓர் ஓரத்தில் காய்ந்த சந்தனம் இன்னும் இருந்தது. ஆயுத பூஜை முடிந்து எத்தனையோ ஞாயிறு ஓடிவிட்டது. கையில் வாங்கிப் பிடித்தேன். கிளாஸ் கிடாரில் எட்டவே எட்டாத இடத்துக்கெல்லாம் என் சுண்டுவிரல் தானாகப் போய் உட்கார்ந்தது. அது அவ்வளவு நன்றாக இருந்ததுதான் என் சந்தேகத்தை உறுதிப்படுத்தியது. இவ்வளவு நல்ல பொருளை யாராவது சும்மா கொடுப்பார்களா? தலையில் பேர் எதுவும் போடாமல் வேறு வைத்திருந்தார். பேர் இல்லாவிட்டால் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாமே!

அப்பாவுக்குக் கோபம் வரும் என்று திரும்பினேன். அவர் கிடாரையே பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. பிறகு என் தோளைத் தட்டி, "வா போலாம். அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாத" என்றார். ஓஹோ, அப்பாவும் கூட்டா?

வீட்டுக்குள் செருப்பைக்கூடக் கழற்றாமல் போய் அம்மாவிடம் ஒன்றுவிடாமல் கொட்டினேன். மாமா பொய் சொல்கிறார், கிடார் ஆயுத பூஜைக்கே முடிந்துவிட்டது, தினம் துடைத்து வைத்துக்கொண்டு வாராவாரம் இங்கே வந்து கோட் கோட் என்று பீலா விடுகிறார் என்றேன். அம்மா குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"ஆயுத பூஜைக்கேவா?"

"ஆமா."

"அப்போலேருந்து அப்படியேவா வெச்சிருக்கான்?"

ஆமாம் என்றேன். ஆடித் தீர்க்கப் போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். குழம்பு காரம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் மாமா கிடாரோடு வந்தார். பட்டறை அக்கா சொல்லியிருக்க வேண்டும். கையும் களவுமாகப் பிடிபட்டவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு வந்து, அதை சோபாவில் வைத்தார். "முடிஞ்சிடுச்சு மா" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பாய்ந்துபோய் எடுத்துக்கொண்டேன். சமையற்கட்டிலிருந்து காப்பி வேண்டுமா என்று சத்தம் வரவில்லை. மாமா கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, "சரி மா, அவ்ளோதான். இனிமே ஒண்ணும் வேலை இல்ல" என்று சொல்லிவிட்டு வாசலில் செருப்பைத் தேடினார்.

அப்போது அம்மா வெளியே வந்தாள். நேராக என்னிடம் வந்து கிடாரைப் பிடுங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"டேய்" என்றாள்.

மாமா ஒரு செருப்போடு நின்றுவிட்டார்.

"இந்தக் கலர் நல்லாவே இல்லடா."

"நீ சொன்ன கலர்தானேக்கா அடிச்சேன்?"

"நான் ஒண்ணும் இதைச் சொல்லலை. எடுத்துக்கிட்டுப் போ. வேற அடிச்சிட்டு வா."

மாமா வாசற்படியிலேயே நின்றார். போட்ட செருப்பைக் கழற்றினார். "எப்பக்கா வரட்டும்?" என்றார்.

"ஞாயித்துக்கிழமை வா. மத்தியானம் சாப்பிடுற மாதிரி வா. அவளையும் கூட்டிக்கிட்டு வா."

நான் போட்ட கூச்சல் பக்கத்து பிளாட்வரை கேட்டிருக்கும். மூன்றாவது சிவப்பு என்று சொன்னது அம்மாதான். அதைச் சுமந்துபோய்ச் சொன்னவளே நான். சாட்சி நான் இருக்கும்போதே எப்படி ஒருத்தி இப்படிப் புளுகலாம்? கேரல் போச்சு, எல்லாம் போச்சு என்று தரையில் விழுந்து புரண்டேன். அம்மா சீ எழுந்திரு என்றாள், ஆனால் அதட்டலில் உயிரே இல்லை. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். மாமா என் கண்ணெதிரிலேயே கிடாரை உறையில் போட்டு, குழந்தையைத் தூக்குவது மாதிரி தூக்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டே படியிறங்கினார். ஏமாற்றுகிறவர் கண்ணில் எதற்குத் தண்ணீர் என்றுகூட நான் யோசிக்கவில்லை.

கேரலுக்குள் கிடார் நீலமாக வந்து சேர்ந்துவிட்டது, அது வேறு விஷயம். ஆனால் அதைத் திருப்பி அனுப்பிய அன்றைக்கு ராத்திரி சாப்பிட மாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். மூன்று பேரும் கூட்டு என்பது எனக்குத் தெள்ளத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. எதற்குக் கூட்டு என்பதுதான் தெரியவில்லை.